மேற்பரப்பில் மட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா? ஆய்வுக்கூடத்துக் குளிரில் சால்வை இல்லாமல் உட்காராதே என்று அண்ணி எழுதச் சொன்னாள்.

போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறான் என்று நினைக்காதே. கடையில் எந்நேரமும் ஆள் நிற்கிறது. வீட்டில் உன் அண்ணிக்குக் காது கூர்மை. இந்த விஷயம் கடிதத்தில் போனால்தான் சரி.

பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டர் போன மாதம் இருபத்தோராம் தேதி காலை குளியலறையில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது. சர்க்கரை வியாதியே இல்லாத மனிதர், சின்னவளே. நான்கு நாள் நினைவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் பேச்சு குழறுகிறது, பெயர்கள் மறந்துபோகின்றன. ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சாப்பிட்டுவந்தது ஒரே ஒரு மாத்திரை, பிரஷருக்கு. நம் கடையில் டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுத்தது. அவர் மனைவி மீதி மாத்திரையை உறையோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இதுலதான் என்னமோ இருக்கு, நீங்களே பாருங்க" என்றார். அதிலிருந்து பத்து மாத்திரையை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று உங்கள் ஆய்வுக்கூடத் தாளில் இரண்டு வரி எழுதி அனுப்பு. அந்தம்மா மனம் ஆறும்.

அவசரம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இருமல் போய்விட்டது, சால்வையும் போர்த்திக்கொள்கிறேன், அண்ணியிடம் சொல். உன் கையெழுத்து என்ன இப்படி மேட்டில் ஏறி இறங்குகிறது? பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா?

அண்ணா, நீ கேட்ட இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. உன் மாத்திரையில் குறை இருக்கிறது!

நான் பார்க்கும் வேலை என்னவென்று நீ பத்து தடவை கேட்டிருக்கிறாய், நானும் பத்து தடவை மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது மூலக்கூறுகளை எடை போடும் தராசு. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எடை, அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடலாம். என்னிடம் இருக்கும் மெஷின் பொருளின் மேல்தோலை மட்டும் பார்க்கும். காற்றை உறிஞ்சி எடுத்த சின்ன அறைக்குள் மாத்திரையை வைத்து, அயனிக் கதிரால் சுரண்டும். தெறித்து வருவதை எடை போடும். கண்ணுக்குத் தெரியாத தூசு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து மாத்திரையும் பிரஷர் மாத்திரைதான். ஆனால் பத்திலும் மேலே சர்க்கரை வியாதி மாத்திரையின் மருந்து இருக்கிறது. ஒன்றில் இரண்டில் இல்லை, பத்திலும்! தொழிற்சாலையில் சர்க்கரை மாத்திரை அடித்த இயந்திரத்தைக் கழுவாமல் அதிலேயே பிரஷர் மாத்திரையை அடித்திருக்கிறார்கள். வேறென்ன? இந்தப் பத்தில் இருப்பது துளிதான், ஒரு ஆளைச் சாய்க்காது. ஆனால் போஸ்ட்மாஸ்டர் விழுங்கியவற்றில் எவ்வளவு இருந்ததோ!

பதினோரு வருஷமாக வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து உட்கார்ந்திருக்கிறேன். யார் யாருக்கோ மாத்திரைப் பூச்சு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். முதல் முறையாக என் பெயரில் ஒரு கண்டுபிடிப்பு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இங்கே என் பக்கத்து மேஜையில் ஒருத்தன் இருக்கிறான், ஊமைக்கோட்டான். வாயைத் திறக்க மாட்டான், கண் மட்டும் என் திரையில் இருக்கும். அவனுக்குத் தெரியாமல்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி செய். அதே தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், உள்ள டப்பா, சீல் உடைக்காதது ஒன்று, உடனே அனுப்பு. உடைத்த டப்பாவில் மீதி இருந்தால் அதையும் அனுப்பு.

பெருமையோடு,
தங்கை

*

மார்ச் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். வெயில் ஏறிவிட்டது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கடை வேலையில் பதில் எழுத முடியவில்லை.

போஸ்ட்மாஸ்டர் இப்போது தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வருகிறார். அந்தம்மாவும் முன்போல் கேட்பதில்லை. ஆறிய விஷயத்தை நாமாகக் கிளற வேண்டாம். அந்தத் தொழிற்சாலை பெரிய இடம். நீ பெண்பிள்ளை, தனியாக இருக்கிறாய். இரண்டு வரி எழுத முடியாவிட்டால் விட்டுவிடு, நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அண்ணி உனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். அளவு எழுது.

அண்ணன்

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

நலம். ஸ்வெட்டர் அளவு போன வருஷத்து அளவேதான், ஒரு சுற்று பெருத்தும் இருக்கலாம்.

விட்டுவிடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! மூன்று வாரம் கழித்து வருகிறது உன் கடிதம், அதில் டப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெயிலைப் பற்றி இருக்கிறது. நான் போன் செய்தால் "சிக்னல் இல்ல, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது.

விட முடியாது, அண்ணா. அறிக்கை போய்விட்டது. எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டு, எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மே மாதம் நிரந்தரப் பணிக்கு நேர்காணல். "இத வச்சே உள்ள போயிடலாம்மா" என்கிறார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மாதிரி எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் "ஒரு சில்லறை மருந்துக்கடை" என்றுதான் எழுதியிருக்கிறேன். அது என் அண்ணன் கடை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால், சொந்தக்காரர் கடைக்காகப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள்.

தொழிற்சாலைக்காரர்கள் அதே தொகுதியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த மாத்திரைகளைச் சோதித்து, எல்லாம் சுத்தம் என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். சுத்தம் இல்லை என்றா சொல்வார்கள்? ஆனாலும் ஒரு பக்கம் இந்த ஊமைக்கோட்டான் மேலும் எனக்குச் சந்தேகம். அவன் போன மாதம் சர்க்கரை மாத்திரைகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் கையுறையிலிருந்து என் மாத்திரைக்கு ஒட்டியிருந்தால்? தலைவர் எதிரிலேயே கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. தன் கையுறை, மேஜைத் துடைப்பான், இடுக்கி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்திவிட்டுப் போனான். எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றும் இல்லை. அப்படியும் என் மனசு ஆறவில்லை.

உண்மையைச் சொல். தொழிற்சாலை ஆட்கள் கடைக்கு வந்து மிரட்டினார்களா? அதனால்தான் டப்பாவை அனுப்பாமல் மென்று முழுங்குகிறாயா?

தங்கை

*

ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் எழுது.

யாரும் என்னை மிரட்டவில்லை. நீயாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே. அந்த டப்பா தீர்ந்துவிட்டது, தூக்கிப் போட்டாயிற்று. அந்தத் தொகுதியில் வேறு சரக்கும் வரவில்லை. பக்கத்து மேஜைப் பையனைச் சந்தேகப்படாதே, பாவம். அந்த மாத்திரைகளை என்னைத் தவிர யாரும் தொடவில்லை.

கடையில் பரீட்சைக் காலத்துக் கூட்டம், தலைவலி மாத்திரையாகப் போகிறது. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதறேன். ஸ்வெட்டர் முடிஞ்சாச்சு, கை மட்டும் பாக்கி. நீ நல்லா இருக்கியா? உங்க அண்ணனுக்குத் தெரியாமத்தான் இதை எழுதறேன், பதில்ல காட்டிக்கொடுத்துடாதே.

நீ அவருக்கு என்னதான் எழுதற? உன் கடிதம் வந்தாலே மனுஷன் முகம் சுண்டிப்போயிடுது. படிக்கறதுக்கே பாதி நாள் ஆகுது, தாளை மூக்குல ஒட்டிக்கற மாதிரி வச்சுப் படிக்கறார். கண்ணு டாக்டர்கிட்டப் போலாம்னா, "வெளிச்சம் பத்தல, பல்பை மாத்து"ங்கறார். மூணு பல்பு மாத்திட்டேன். வீட்டுல இப்ப கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம், அவர் இன்னும் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் போறார்.

எனக்கு முதல்ல வேற சந்தேகம் வந்துச்சு, சிரிக்காதே. இந்த வயசுல ஆம்பளை ராத்திரி தூங்காம, சாப்பிடாம, கேட்டா எரிஞ்சு விழுந்தா பொம்பளை என்ன நினைப்பா? அப்புறம்தான் பார்த்தேன், எல்லாம் போஸ்ட்மாஸ்டர் கவலை. எவ்வளவு நல்ல மனசு பாரு. அவர் விழுந்த மறுநாளே இவர் பையைத் தூக்கிக்கிட்டு நாலு வீடு ஏறி இறங்கினார். "அந்த பிரஷர் மாத்திரை கொஞ்சம் பழசாயிடுச்சு, இந்தாங்க, புதுசு வச்சுக்குங்க"ன்னு மாத்திக் கொடுத்துட்டு வந்தார். எந்தக் கடைக்காரன் வீடு தேடிப் போய் மாத்திக் கொடுப்பான்?

இப்படிப்பட்ட ஆளை நீ கேள்வி மேல கேள்வி கேட்டுக் கலக்காதே. படிச்சவ நீ, உனக்குத் தெரியாததா.

அண்ணி

*

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது?

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை நான் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. ஊமைக்கோட்டான் வந்திருக்கிறான். திங்கள் காலை என் மேஜையில் இரண்டு வரைபடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் அவற்றைத் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, "மேடம், ஒண்ண உடைச்சுப் பாத்தேன். தலைவர்கிட்ட நான் எதுவும் சொல்லல" என்றான். நான்கு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உடைத்துப் பார்ப்பது! முதல் வருஷ மாணவன் செய்வதை நான் செய்யவில்லை. மேலே இருந்தால் உள்ளேயும் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மேல்தோலை மட்டும் பார்த்தேன், அவ்வளவுதான். உடைத்த முகத்தில் சர்க்கரை மருந்து துளிகூட இல்லை, அண்ணா. இயந்திரத்தில் கலந்திருந்தால் உள்ளேயும் இருக்க வேண்டும். இது மேலே மட்டும்தான், அதுவும் விளிம்பில். வேறு மாத்திரையோடு ஒரே உறைக்குள் கிடந்து உரசினால் எங்கே ஒட்டுமோ அங்கே.

இரண்டாவது வரைபடம் விரல் பசை. மனிதத் தோலின் எண்ணெயும் உப்பும். பத்து மாத்திரையிலும், இரண்டு முகத்திலும் இருக்கிறது. யாரோ ஒவ்வொரு மாத்திரையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரைக்கு நடுவில் கோடு உண்டு, சர்க்கரை மாத்திரைக்குக் கிடையாது. இரண்டும் ஒரே அளவு, இரண்டும் வெள்ளை. நம் கடையில் நீ மாத்திரையைக் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை, தட்டில் கொட்டிக் கத்தியால்தான் ஒதுக்குவாய்.

எனக்கு இவ்வளவு மட்டும் எழுது: அந்தம்மா உறையைக் கொண்டுவந்தபோது அதில் மொத்தம் எத்தனை மாத்திரை இருந்தது? எனக்குப் பத்து அனுப்பினாய். மீதி எங்கே?

தொழிற்சாலையில் அந்தத் தொகுதிக்குக் கையெழுத்துப் போட்ட தரச்சோதனை அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் வயதுப் பெண் என்று தலைவர் சொன்னார்.

தங்கை

*

மே 13

சின்னவளுக்கு,

சௌக்கியம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நீ எனக்குத் தங்கையா, மருந்து இன்ஸ்பெக்டரா? கண் எப்படி என்று கேட்கிறாய். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. உன் அண்ணி ஏதாவது உளறினாளா? முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் நிற்கிறேன். உன்னைப் படிக்க வைத்தது அந்தக் கடை. அதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டாய்.

நான் உன்னிடம் கேட்டது இரண்டு வரி. நீ அறிக்கை எழுதினாய். தொழிற்சாலை என்று சொன்னது நீ, நானில்லை. ஒரு தடவையாவது நான் சொன்னேனா? உன் கடிதங்களையும் என் கடிதங்களையும் எடுத்து வைத்துப் பார். விட்டுவிடு என்றுதானே எழுதினேன்? உனக்குப் பதவி வேண்டியிருந்தது, விடவில்லை. அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

உறையில் எத்தனை இருந்தது என்று நான் எண்ணவில்லை.

அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணா,

நான் நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இன்றைக்கு நான் நலம் இல்லை.

எண்ணவில்லை என்கிறாய். தும்மினால்கூட எத்தனை தும்மல் என்று எண்ணும் ஆள் நீ.

உன்னைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்த வரைபடங்கள் ஏப்ரல் இருபத்தாறாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டன. நான் தலைவரிடம் காட்டவில்லை. அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நேர்காணல் முடியட்டும் என்றுதான் இருந்தேன். மே பதினேழாம் தேதி ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து, அந்த அறிக்கையைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருவர் கேட்டார், "உள்ள பாத்தீங்களா?" என்று. "பாத்தோம், சார்" என்றேன். பொய் இல்லை, பார். பார்த்தோம். என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். யாரும் இல்லை. தானாக வந்தது.

வெள்ளிக்கிழமை வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பதினோரு வருஷம் காத்திருந்தது கிடைத்துவிட்டது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில் இல்லை. முப்பது நாளாக ஒருத்தி வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்த்து அவள் பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?

இன்று காலை தலைவரிடம் போய் இரண்டு வரைபடத்தையும் வைத்தேன். மாதிரி என் சொந்த அண்ணன் கடையிலிருந்து வந்தது, உறைக்குள் வேறு மாத்திரை இருந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் பெயரும் கடை முகவரியும் அதில் இருக்கின்றன. அவர் படித்து முடிக்கும்வரை என்னை உட்காரச் சொல்லவில்லை. படித்ததும், "ஏம்மா, ஒரு மாசமா இத கையில வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். வேலை போயிற்று. ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு சரி.

உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். போனை மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் மாற்றி எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

தங்கை

*

மே 30

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணி சொல்லச் சொல்ல எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கண்ணில் பாதிதான் தெரிகிறது, இடது கண்ணும் மங்கல். இரண்டு வருஷமாக. சொன்னால் கடைக்குள் என்னை விட மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உறையில் பத்தொன்பது இருந்தது. அதில் ஆறு சர்க்கரை மாத்திரை. யாருக்கோ சர்க்கரை மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, தட்டில் மிஞ்சியதைப் பக்கத்தில் இருந்த பிரஷர் மாத்திரை டப்பாவில் கொட்டி மூடியிருக்கிறேன். அந்தம்மா உறையை நீட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விரலால் தடவித் தடவி, கோடில்லாத ஆறையும் எடுத்து ஜன்னல் வழியே எறிந்தேன். டப்பாவில் கிடந்ததையும் அப்படியே பொறுக்கினேன். மற்ற நான்கு வீட்டிலும் நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்லதாகப் பதின்மூன்று இருந்தது, பத்தை உனக்கு அனுப்பினேன். கெட்டதை எடுத்தாயிற்று, இனி எந்த மெஷின் வைத்துப் பார்த்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்தது ஒட்டிக்கொண்டு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ பத்து தடவையும் மழுப்பிவிட்டாயே.

போன கடிதத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். அதைத் தபாலில் போட்ட நாளிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மருந்து இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனேன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும், உக்காருங்க" என்று ஒரு ஃபைலை எடுத்தார். "உங்க தங்கச்சி லேப்லேருந்து திங்கக்கிழமையே மெயில் வந்துருச்சு. நாளைக்கு நாங்களே வர்றதா இருந்தோம்." "எனக்கு அது தெரியாது சார், நானாத்தான் வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க. இங்க கையெழுத்துப் போடுங்க." கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வழக்கு வரும். வரட்டும்.

அங்கிருந்து நேராக போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலியில் இருந்தார். அந்தம்மா உள்ளே இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவருக்கு இப்போது எல்லாம் மெதுவாகத்தான் புரிகிறது, அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. பிறகு வார்த்தையைத் தேடித் தேடிக் கேட்டார்: "ஒம்பது நாள்... ஆஸ்பத்திரில... வந்து உக்காந்தியே. என்னைப் பாக்க வந்தியா? இல்ல, நான் பொழைக்கிறேனான்னு பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல, சின்னவளே? அவர் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அந்தம்மா வெளியே வந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்தேன்.

உன் கடிதம் மறுநாள்தான் வந்தது. வெள்ளிக்கிழமை. நீ என்னைச் சொல்லிவிட்டாய் என்று எனக்கு வருத்தம் இல்லை. நீ செய்தது சரி. ஆனால் ஒன்று மட்டும் என்னைத் தின்கிறது. நான் அகப்பட்டுக்கொண்டதால் போய்ச் சொல்லவில்லை. நானாகப் போனேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. தெருவில் எவனும் நம்பப் போவதில்லை. நீயாவது நம்ப வேண்டும். அண்ணியைக் கேட்காதே, அவள் எனக்காகப் பொய் சொல்வாள்.

வெறும் வாய்வார்த்தையை நீ எடுத்துக்கொள்ள மாட்டாய், எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் இங்குள்ள அஞ்சலகம் அது வந்து சேர்ந்த தேதியோடு குத்திய முத்திரை இருக்கிறது. என் வாக்குமூலத்தில் நான் போன தேதி இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். என் பெட்டியைக் கட்டிவிட்டேன், அறையைக் காலி செய்தாயிற்று. ஊமைக்கோட்டான் ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அதாவது தலையை ஆட்டியிருக்கிறான். அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் அவளுக்கு எழுதினேன், பதில் இல்லை. நானாக இருந்தாலும் எழுத மாட்டேன். திங்கட்கிழமை உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், பல்பு அது இதென்று ஆரம்பிக்காதே.

நீ வைத்த உறை வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பார்க்காமல்தான் கிழித்தேன் என்று காட்ட என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை, அண்ணா. நான் எழுதுவதை நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

அண்ணியிடம் சொல், ஸ்வெட்டரை அனுப்ப வேண்டாம். நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை